ஐம்பால் கூந்தலுக்கு ஒரே சடையா?



பாடத்திட்டம், தேர்ச்சி நிலை, வாசிப்புப் பழக்கம் என்றெல்லாம் எழுதி வரும் நான், இன்று பிள்ளைகளின் தலைமுடியைப் பற்றி எழுதப் போகிறேன். ‘ஓர் ஆசிரியை எழுத வேண்டிய பொருளா இது?’ என்று சிலர் நினைக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். ஏனெனில், இதில் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அதே பிழையை, பிழையென்று அறியாமலே, நம்மில் பலரும் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறோம் என்று அஞ்சுகிறேன்.

திங்கட்கிழமைச் சோதனை

நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளி ஜொகூர் மாநிலத்தில் உள்ளது. பல ஆண்டுகளாகக் கட்டொழுங்குக் குழுவில் இருந்து வருகிறேன். திங்கட்கிழமை சபைகூடல் முடிந்ததும் மாணவிகளின் சீருடை, நகம், காலணி, தலைமுடி ஆகியவற்றைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. தலைமுடியைப் பொறுத்தவரை எங்கள் பள்ளியின் விதி மிகத் தெளிவாக இருந்தது. தோளைத் தொடும் அளவுக்கு முடி வளர்ந்த மாணவிகள் இரட்டைச் சடை பின்னிக் கறுப்பு ரிப்பன் கட்ட வேண்டும். நெற்றியில் ஒரு முடிகூட விழக்கூடாது. இந்த ‘ஒரு முடிகூட’ என்பதை நான் சற்று அதிகமாகவே பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி. பெயர் வேண்டாம். அடக்கமான பிள்ளை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆயினும், சோதனையின்போது வாரந்தோறும் அவள் தலையில் ஒரு குறை தென்படும். சடை நேராக இருக்கும். ரிப்பன் சரியாக இருக்கும். ஆனால், நெற்றி ஓரத்திலும் காதுகளுக்கு மேலும் பூனைமுடி போன்ற குட்டை முடிகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ‘தலைமுடியைப் படிய வாரி அனுப்பவும்’ என்று அவளது குறிப்பேட்டில் எழுதி அனுப்பினேன். மறு வாரமும் அப்படியே வந்தாள். மீண்டும் எழுதினேன். இருமுறை குழாயடிக்கு அழைத்துச் சென்று, நீரைத் தொட்டு அம்முடிகளைப் படிய வைத்து, சடையை அவிழ்த்து, என் கையாலேயே இழுத்துப் பின்னியும் விட்டேன்.

“வலிக்குது டீச்சர்” என்றாள்.

“அழகா இருக்கணும்னா கொஞ்சம் வலிக்கத்தாம்மா செய்யும்” என்றேன்.

சில வாரங்கள் கழித்து அவளுடைய தாயார் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். கணவனும் மனைவியும் சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள். விடியற்காலை நான்கரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால்தான் பாலத்தின் நெரிசலைக் கடந்து நேரத்திற்கு வேலைக்குப் போய்ச் சேர முடியும். ஆதலால், நான்கு மணிக்கே மகளை எழுப்பி, தூக்கக் கலக்கத்தோடு மடியில் சாய்த்துக்கொண்டு தலை பின்னிவிடுவாராம். பிள்ளை மறுபடியும் உறங்கிப் போகும். பிறகு பாட்டி எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவார். பாட்டிக்குக் கை நடுக்கம், பின்ன வராது. பெற்றோர் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடும். அதன் பிறகுதான் அந்தச் சடை அவிழும். விடியற்காலை நான்கு முதல் இரவு எட்டு வரை 16 மணி நேரம் கலையாமல் நிற்க வேண்டிய சடை அது. இறுக்கிப் பின்னாமல் வேறு எப்படிப் பின்னுவார்?

அந்தத் தாய் தம் மகளின் தலையைத் தடவியபடியே சொன்னார்: “நெத்தி ஏறிக்கிட்டே போகுதேன்னு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன் டீச்சர். இழுத்துக் கட்டறதாலதான் முடி கொட்டுதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான் எப்பவுமே கொஞ்சம் இறுக்கமாத்தான் கட்டுவேன். நீங்க எழுதி அனுப்பின பிறகு இன்னும் இறுக்கிக் கட்டினேன்.”

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. நான்தான் அன்று முழுவதும் வகுப்பில் நிலைகொள்ளாமல் இருந்தேன். நான் ஒழுங்கின்மை என்று குறித்து அனுப்பிய அந்தக் குட்டை முடிகள் ஒழுங்கின்மை அல்ல. இழுபட்டு அறுந்தவையும், சடைக்குள் அகப்படாமல் தப்பியவையும் அவை. காயத்தின் அடையாளத்தைக் கண்டு, காயப்பட்ட பிள்ளையையே நான் கண்டித்திருக்கிறேன்.

மருத்துவம் சொல்வது என்ன?

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். தலைமுடியை ஒரே திசையில், ஒரே இடத்தில், நாள்தோறும் இறுக்கிக் கட்டுவதால் உண்டாகும் முடி உதிர்வை மருத்துவர்கள் தனியொரு வகையாகவே பிரித்துக் கூறுகின்றனர். நாம் அதனை ‘இழுவை முடி உதிர்வு’ எனலாம். இது புதிய நோயன்று. முடியை இறுக்கி உயர்த்திக் கட்டும் வழக்கமுடைய கிரீன்லாந்துப் பெண்களிடம் இவ்வகை உதிர்வு இருந்ததை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் எழுதி வைத்துள்ளனர். வெட்டாத முடியை இறுக்கிக் கொண்டையிடும் சீக்கிய ஆண்களிடமும் இது காணப்பட்டுள்ளது. ஆக, இதற்கு இனமும் இல்லை. ஆண் பெண் வேறுபாடும் இல்லை. இழுவை எங்கே உண்டோ அங்கே உதிர்வும் உண்டு.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பள்ளி மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், மாணவிகளுள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினருக்கு இவ்வகை உதிர்வு இருந்தது. தொடக்க வகுப்பு மாணவிகளைவிட மேல்வகுப்பு மாணவிகளிடம் அது கூடுதலாக இருந்தது. அவர்களின் முடியின் தன்மை வேறு. பின்னும் முறையும் வேறு. ஆகவே, அந்த விழுக்காட்டை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் பொருத்திவிடக்கூடாது. ஆனால், ஆண்டுகள் கூடக் கூட இழுவையின் பாதிப்பும் சேர்ந்துகொண்டே போகும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

இது எப்படி நிகழ்கிறது? ஒவ்வொரு முடியும் தோலுக்குள் மயிர்க்கால் என்னும் சிறு பையில் வேரூன்றி நிற்கிறது. இடைவிடாமல் இழுக்கப்படும்போது அந்த மயிர்க்கால் புண்படுகிறது. முதலில் தோல் சிவக்கும், வேரைச் சுற்றிச் சிறு கொப்புளங்கள் தோன்றலாம், தொட்டால் வலிக்கும். பிறகு முடி மெலியும், அறும், நெற்றி ஓரமும் காதோரமும் மெல்ல மெல்லப் பின்வாங்கும். பல வேளைகளில் நெற்றியின் விளிம்பில் மெல்லிய முடி வரிசை ஒன்று மட்டும் எஞ்சி நிற்கும். அதுவே இவ்வகை உதிர்வைக் கண்டறிய உதவும் நல்ல அடையாளம் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 2011ஆம் ஆண்டில் எழுதியுள்ளனர். நான் நீர் தொட்டுப் படிய வைத்தது எதனை என்பதை இப்போது உங்களால் உணர முடியும்.

இதில் ஆறுதலான செய்தி ஒன்றும் கடுமையான செய்தி ஒன்றும் உண்டு. தொடக்கத்திலேயே கண்டுகொண்டு இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் முடி மீண்டும் வளரும். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆண்டுக் கணக்கில் கவனியாது விட்டால் மயிர்க்கால் வடுப்பட்டு மூடிக்கொள்ளும். அவ்விடத்தில் தோல் வழவழப்பாகிவிடும். பிறகு எந்த எண்ணெயாலும் முடியை வரவழைக்க முடியாது.

உதிர்வு ஒருபுறம் இருக்கட்டும். வலியையும் நாம் பொருட்படுத்துவதில்லை. குதிரைவால் கட்டும் பெண்கள் 93 பேரிடம் கேட்டறிந்து 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 50 பேர் அதனால் தலைவலி வந்ததாகக் கூறினர். அவிழ்த்துவிட்டால் பெரும்பாலோருக்கு அரைமணி நேரத்திற்குள் வலி நீங்கியது. ஓய்வு நேரத்திற்குப் பிறகு ‘தலை வலிக்குது டீச்சர்’ என்று சொல்லும் மாணவிக்கு நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம். மேசையில் சற்றுச் சாயச் சொல்கிறோம். அவளது ரிப்பனைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் தோன்றியதில்லை.

நாம் ஏன் இறுக்குகிறோம்?

இறுக்கிப் பின்னும் தாயைக் குற்றம் சொல்வதற்கில்லை. நான் தோட்டப்புறத்தில் வளர்ந்தவள். என் அம்மா பால்மரம் வெட்டுபவர். விடியுமுன்னே பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு எங்கள் மூவருக்கும் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தலை பின்னி முடித்துவிடுவார். தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, கண்கள் மேலேறும்படி இழுத்து, முழங்காலுக்கு இடையில் எங்களை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு பின்னுவார். அழுதால் கிடைக்கும் பதில், நான் அந்தச் சிறுமிக்குச் சொன்ன அதே பதில்தான். மகள் கலைந்த தலையோடு திரிந்தால், ‘தாய் கவனிக்கவில்லை’ என்று ஊர் பேசும். மரம் வெட்டப் போன இடத்திலிருந்து ஓடிவந்து அவர் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே, இறுக்கம் அவருக்கு ஒரு காப்பு. அன்று பால்மரம், இன்று சிங்கப்பூர்த் தொழிற்சாலை. தாய் புறப்படும் நேரம் மட்டும் மாறவில்லை.

இதனோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. ‘இறுக்கிப் பின்னினால் முடி நீளமாக வளரும்’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அது வேரில் நிகழும் வளர்ச்சி. நுனியைப் பிடித்து இழுப்பதால் அது விரைவதில்லை. பயிரைப் பிடித்து இழுத்தால் பயிர் வளருமா?

தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குச் சென்று மொட்டை போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பாருங்கள். சில மாதங்களில் முடி அடர்ந்து வளர்ந்துவிடுகிறது. காரணம், சவரக்கத்தி தோலுக்கு மேலே உள்ள முடியைத்தான் எடுக்கிறது, வேரைத் தொடுவதில்லை. இறுக்கமான சடையோ, முடியை விட்டுவிட்டு வேரைத் தொடுகிறது. மொட்டை அடிப்பதற்கு அஞ்சும் தாய்மார்கள், இழுத்துப் பின்னுவதற்கு அஞ்சுவதில்லை என்பது வியப்பிற்குரியது.

ஐம்பால் எங்கே போயிற்று?

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு ஒரு நாள், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘ஐம்பால் யாவை?’ என்று கேட்டேன். ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று வகுப்பே ஒருமித்துச் சொன்னது. சொல்லி முடித்ததும் எனக்குள் ஏதோ உறைத்தது. ‘ஐம்பால்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டல்லவா?

ஆம். சங்க இலக்கியத்தில் பெண்களின் கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் அப்பெயர் வந்தது என்பர். அவ்வகைகளைக் குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்று எண்ணிக் காட்டுவதுண்டு. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று வேறு பட்டியலும் உண்டு. பட்டியல் எதுவாயினும் எண்ணிக்கை ஐந்துதான். கூந்தல் என்றாலே பல விதமாக முடிக்கப்படுவது என்ற எண்ணம் நம் மொழியின் ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஐம்பால் என்று பெயர் வைத்த இனத்தின் பிள்ளைகளுக்கு, ஆறு ஆண்டுகள், ஒவ்வொரு பள்ளி நாளும், ஒரே வகிடு, ஒரே இடம், ஒரே சடை என்று நாம் விதி எழுதி வைத்திருக்கிறோம். ‘இதுதான் நம் பண்பாடு’ என்றும் சொல்லிக்கொள்கிறோம். இரட்டைச் சடை அழகானதுதான். அதனை நான் வேண்டாம் என்று கூறவில்லை. நாள்தோறும் அது ஒன்றே என்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒரே தோளில் நாளெல்லாம் புத்தகப்பையைச் சுமந்தால் அந்தத் தோள் வலிக்கும் என்று பிள்ளைகளுக்கு நாம்தானே சொல்லிக் கொடுக்கிறோம்? தலைக்கும் அதே நீதிதான்.

ஐந்து பள்ளி நாளுக்கு ஐந்து விதம்

பள்ளிக்கூடம் வாரத்திற்கு ஐந்து நாள். ஐம்பாலும் ஐந்து. எனவே, என் வகுப்புப் பெற்றோர்களுக்கு ஒரு சிறு அட்டவணையைச் சொல்லி வருகிறேன். இதற்குச் செலவு ஏதுமில்லை.

திங்கட்கிழமை இரட்டைச் சடை, நடு வகிடு. பின்னலைக் காதுக்கு மேலிருந்து தொடங்காமல், காதுக்குக் கீழிருந்து தொடங்கலாம்.

செவ்வாய்க்கிழமை ஒற்றைச் சடை; கழுத்தின் பின்புறம் தாழ்வாக. வகிடு வலப்பக்கம்.

புதன்கிழமை பல பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கை நாள். ஓடியாடும்போது முடி கலையாமல் இருக்க, தாழ்வாகப் பின்னிய ஒற்றைச் சடையை மடித்துக் கட்டலாம். உயர்த்திக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், நடவடிக்கை முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை பின்னலே வேண்டாம். கழுத்தருகே துணி சுற்றிய வளையத்தால் தளர்வாக ஒரு கட்டு. வகிடு இடப்பக்கம்.

வெள்ளிக்கிழமை கழுத்தருகே தளர்ந்த கொண்டை. உச்சந்தலையில் இறுக்கி முறுக்கிய கொண்டை அன்று, அதுவும் இழுக்கும்.

சனி, ஞாயிறுகளில் வீட்டில் இருக்கும்போது முடிக்கு விடுமுறை கொடுங்கள். நம் ஊர் வெயிலில் கழுத்து வியர்க்கும் என்றால், தளர்வாக ஒரு பின்னல் போதும்.

இவ்வரிசை வேதவாக்கு அன்று. ‘நேற்று இழுத்த இடத்தை இன்று இழுக்காதே’ என்ற ஒன்றை மட்டும் மனத்தில் கொண்டு உங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். அதே வேளையில், விதத்தை மாற்றிக்கொண்டே ஒவ்வொரு விதத்தையும் இறுக்கிக் கட்டினால் பயனில்லை. இறுக்கம் குறைய வேண்டும். இடமும் மாற வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தலைக்கு ஓய்வு.

இறுக்கம் சரிதானா என்று அறிய எளிய வழிகள் உண்டு. கட்டி முடித்ததும் பிள்ளையைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். தலையைக் குனிந்து நிமிரச் சொல்லுங்கள். நெற்றித் தோல் சுண்டினாலோ, பிள்ளை முகம் சுளித்தாலோ இறுக்கம் மிகுதி. நெற்றியோரத்தில் முடியின் வேர்கள் புள்ளி புள்ளியாக மேலெழும்பித் தெரிந்தால் உடனே அவிழ்த்துவிட வேண்டும். ‘வலிக்குது’ என்று பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் வேறு சோதனையே வேண்டா.

ஈரத்தலை பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் காலையில் தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்டப் பின்னிக்கொண்டு, ஏழரை மணிக்குள் பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். ஈரமான முடி எளிதில் நீளும். அளவு மீறினால் அறும். முடிந்தவரை தலைக்குக் குளிப்பதை முதல் நாள் மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். உணவுப் பொட்டலம் கட்டி வரும் ரப்பர் வளையத்தை முடிக்குப் போடாதீர்கள். கழற்றும்போது அது முடியையும் பிடுங்கிக்கொண்டுதான் வரும். பரதநாட்டிய வகுப்பிற்குச் சவுரி வைத்துப் பின்னும் நாளுக்கு மறுநாள் முடியை நன்றாகத் தளர்த்திவிடுங்கள்.

விடியற்காலையில் புறப்படும் பெற்றோருக்கு இத்தனையும் எப்படி முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாழ்வான, தளர்ந்த ஒற்றைச் சடைக்கு இரட்டைச் சடையின் நேரத்தில் பாதிகூடப் பிடிக்காது. பின்னல் தெரியாத பாட்டியும் தந்தையும்கூடத் துணி வளையத்தால் ஒரு கட்டுப் போட்டுவிடலாம். நான்காம் ஆண்டைக் கடந்த பிள்ளை தானே கட்டக் கற்றுக்கொள்ளலாம். பின்னல் சற்றுக் கோணலாக இருந்தால் இருக்கட்டும். தன் தலையைத் தானே வாரக் கற்பதும் கல்விதான்.

எழும் மறுப்புகள்

ஆசிரியர் கூட்டத்தில் இதனைப் பேசியபோது மூன்று மறுப்புகள் எழுந்தன. மூன்றும் பொருளற்றவை அல்ல.

முதலாவது, பேன். முடியை அவிழ்த்துவிட்டால் வகுப்பு முழுவதும் பேன் பரவிவிடும் என்றார் ஒரு மூத்த ஆசிரியை. தலையோடு தலை உரசுவதால்தான் பேன் பெரும்பாலும் பரவுகிறது. ஆகவே, பள்ளியில் முடியைச் சேர்த்துக் கட்டியிருப்பது நல்லதுதான். நான் அவிழ்த்துவிடச் சொல்லவில்லையே! சேர்த்துக் கட்டினால் போதும். இழுத்துக் கட்டுவதால் பேன் கூடுதலாக அஞ்சி ஓடிவிடப் போவதில்லை.

இரண்டாவது, ஒழுங்கு. விதியைத் தளர்த்தினால் மாணவிகள் நாளுக்கொரு நாகரிகத்தோடு வருவார்கள் என்றார் கட்டொழுங்குக் குழுவின் தலைவர். ஓரளவு உண்மை. அதனால்தான் விதியை நீக்கச் சொல்லாமல், திருத்தச் சொன்னேன். ‘முடி சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும், முகத்தை மறைக்கக்கூடாது, கறுப்பு நிறக் கட்டு’ என்ற அளவில் விதி இருந்தால் ஒழுங்கும் இருக்கும், பிள்ளையின் தலைக்கு ஓய்வும் கிடைக்கும். தூய்மைக்கும் ஒழுங்கிற்கும் விதி தேவை. இறுக்கத்திற்கு விதி எதற்கு?

மூன்றாவது மறுப்புத்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. ‘பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வலி பழக வேண்டாமா? நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தாமே?’ என்று ஒருவர் கேட்டார். நாம் அப்படித்தான் வளர்ந்தோம். என் நெற்றியின் இரு ஓரங்களையும் கண்ணாடியில் பார்க்கும்போது அது எனக்குத் தெரிகிறது. ‘உன் அம்மாவைப் போலவே உனக்கும் ஏறு நெற்றி’ என்று உறவினர்கள் சொல்வார்கள். அது மரபா, இரு தலைமுறையாக இறுக்கிய சடையா என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். படிப்பதற்காகத் தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் துன்பத்திற்கு ஒரு பயன் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் கால் வலிப்பதற்கும் ஒரு பயன் உண்டு. சடை இறுகி வலிப்பதால் எந்தப் பிள்ளை எதைக் கற்றது? வலித்தாலும் வாய் திறக்கக்கூடாது என்பதைத்தான் கற்றது. பெண்பிள்ளைக்கு நாம் கற்பிக்க விரும்பும் பாடம் அதுதானா?

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் பயின்றபோது, எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி ஒன்றைச் சொல்வார். வகுப்பில் நுழைந்ததும் பாடநூலைத் திறக்காதீர்கள். பிள்ளைகளின் முகத்தைப் படியுங்கள் என்பார். பசித்த முகம், உறங்காத முகம், அழுத முகம் எல்லாம் அடையாளம் காணக் கற்றேன். முகத்திற்கு மேலே இரண்டு அங்குலம் மட்டும் நான் படிக்கத் தவறிவிட்டேன்.

நாம் செய்யக்கூடியவை

எங்கள் பள்ளியில் அவ்விதி இப்போது திருத்தப்பட்டுவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாயே எழுந்து தம் அனுபவத்தைக் கூறியதும், தலைமையாசிரியர் தயக்கமின்றி இசைந்தார். இரட்டைச் சடை கட்டாயம் என்ற வரி நீக்கப்பட்டது. நீங்கள் எதிர்பார்ப்பது போல் எந்தக் குழப்பமும் நேரவில்லை. பாதிக்கு மேற்பட்ட மாணவிகள் இன்னமும் திங்கட்கிழமைகளில் இரட்டைச் சடையோடுதான் வருகிறார்கள், அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால் பின்னுவது வேறு. அஞ்சிப் பின்னுவது வேறு.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளி விதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் ‘இறுக்கமாக’ என்ற சொல்லோ, ஒரே வகைச் சடை என்ற கட்டளையோ இருந்தால் அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். சோதனையின்போது குட்டை முடி சிலிர்த்து நிற்கும் பிள்ளையைக் கண்டால், குறிப்பேட்டை எடுக்குமுன் அவளது நெற்றியோரத்தை உற்று நோக்குங்கள். சிவப்போ கொப்புளமோ முடி மெலிவோ தெரிந்தால், பெற்றோருக்குக் கண்டிப்பாக அன்றி, கனிவாகச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, முடி மெலிந்துவிட்டது என்று தெரிந்தால் விளம்பரத்தில் வரும் எண்ணெய்களைத் தேடி ஓடாதீர்கள். முதலில் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். முடி உதிர்வதற்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். அவற்றை அவர்தாம் பிரித்தறிந்து சொல்வார். காலம் தாழ்த்தாமல் போவதே முக்கியம்.

அந்தச் சிறுமி இப்போது மூன்றாம் ஆண்டில் படிக்கிறாள். இடப்பக்க நெற்றியில் முடி நன்றாக வளர்ந்துவிட்டது. வலப்பக்கம் இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. வரும் என்று மருத்துவர் கூறியிருக்கிறாராம். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதா என்று எண்ணாதீர்கள். பிழை செய்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நன்னெறிப் பாடத்தில் நாம்தான் சொல்லிக் கொடுக்கிறோம். அவள் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல டீச்சர். இன்னைக்கு நானே கட்டிக்கிட்டு வந்தேன்” என்று திரும்பி நின்று காட்டினாள். கழுத்தருகே ஒரு தளர்ந்த கட்டு, சற்றுக் கோணல்தான். நெற்றியோரத்தில் குட்டை முடிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவை இம்முறை வளர்ந்து வரும் முடிகள்.

நான் அவற்றைப் படிய வைக்கவில்லை.

சிந்திப்போம், சற்றே தளர்த்துவோம்.